அடுத்த தலைமுறையின் வக்கீல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் தங்கள் முன் எடுத்துரைக்கப் புகுந்தது நம் நாட்டிற் பிறந்த ஒருவரது வரலாறு அன்று. கடல் கடந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில், மாசச்சூசெட்ஸ் என்னும் மாகாணத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வக்கீலாகவும், சட்டசபை அங்கத்தினராகவும், பின்னர்க் கல்விச் சபையின் காரியதரிசியாகவும் விளங்கிய ஹொரேஸ் மான் என்னும் பெரியாரின் வரலாறு அது. அயல்நாட்டார் சரித்திரம் நமக்கெதற்கு என்று சிலர் எண்ணலாம். "பிறர் பிள்ளை படிப்பதற்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்பது எந்த ஊரிலும் எந்தச் சபையிலும் எழக்கூடிய கேள்வி. அதனைக் கேட்பவரெல்லாம் கொடியவரல்லர். உழைத்துத் தேடிய பொருளின் அருமையறிந்தவரும் அங்ஙனம் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு இவ்வக்கீல் தம் வாழ்நாளையே கொடுத்து விடை பகர்ந்தார். ஆதலின் அவர் வரலாறு யாவரும் கேட்கத் தக்கதாம்.

மான் 1796-ஆம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, பிராங்க்ளின் என்னும் சிற்றூரில் ஓர் ஏழை உழவர் குடியிற் பிறந்தார். அவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது தந்தையார் க்ஷயரோகத்தால் இறந்தனர். வீட்டிலுள்ளாரெல்லாம் தொப்பி செய்வதற்காக வைக்கோலைப் பின்னிக் கொடுத்துக் கூலி பெறுவர். சிறுவராகிய மானும் அவ்வாறே பின்னினார். ஓராண்டில் பத்து வாரத்திற்கு மேல் அவர் பள்ளியிற் பயின்றதில்லை. அப்பள்ளியோ குளிருக்கும் காற்றுக்கும் தடையில்லாத ஒரு சிறு கட்டிடம். உபாத்தியாயரோ பிள்ளைகளின் ஞாபக சக்தியை மட்டும் அறிந்தவர், அறிவின் பசியை அறியாதவர்.

ஆயினும் அவ்வூருக்கு ஒரு பாக்கியமிருந்தது. ஊரார் பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் மேதாவியின் பெயரைத் தம்மூர்க்கு இட்டு, அதனை முன்னிட்டுத் தங்கள் தேவாலயத்திற்கு ஒரு மணி வாங்கித் தரும்படி அவரை வேண்டினர். அவரோ, ஓசையினும் அறிவே மேலென்று கருதி, மணிக்குப் பதிலாக நூறுக்கு மேற்பட்ட புத்தகங்களை அனுப்பிவைத்தார். அப்புத்தகசாலையே மானுக்கு மெய்யான பள்ளிக்கூடமாயிற்று. பல்லாண்டு கழித்து ஒரு மாகாணத்தின் பள்ளிகளுக்கெல்லாம் புத்தகசாலை வேண்டுமென்று அவர் வாதாடியபோது, தம் பசியையும் அதனைத் தணித்த அன்னத்தையும் நினைந்தே வாதாடினார் எனலாம்.

இளமையிலே நேர்ந்த ஒரு துயரம் அவர் உள்ளத்தில் மாறாத வடுவை உண்டாக்கிற்று. 1810-ஆம் ஆண்டு அவருடன் பிறந்த ஸ்டீபன் என்பவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நீரில் மூழ்கி இறந்தான். சவ அடக்கத்தின்போது ஊர்க்குருவானவர் ஆறுதல் கூறாமல், மனந்திரும்பாது இறப்பவர் அடையும் நரக வேதனையையே பிரசங்கித்தார். அதனைக் கேட்டுத் தாயார் முனகிய ஒலி மானின் செவியில் வாழ்நாள் முழுவதும் நின்றது. கடவுளை மறந்தாரில்லை, ஆனால் அச்சத்தைக் காட்டி மனிதரைத் திருத்தலாம் என்னும் கொள்கையை அன்றே துறந்தார். பிரம்பைக் காட்டிப் பிள்ளைகளைத் திருத்தலாம் என்போரை அவர் பிற்காலத்தில் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று கொள்ளலாம்.

இருபதாம் வயதில், ஆறு மாதத்திற்குள் லத்தீனும் கிரேக்கும் கற்றுத் தேறி, 1816-இல் பிரவுன் சர்வகலாசாலையில் நேரே இரண்டாம் ஆண்டு வகுப்பிற் சேர்ந்தார். 1819-இல் முதல்வராகத் தேறினார். சிறிது காலம் அங்கேயே பாடம் சொல்லியிருந்து, பின்னர் லிச்பீல்டு என்னும் ஊரிலிருந்த புகழ்பெற்ற சட்டப் பள்ளியிற் பயின்று, 1823-இல் வக்கீலானார். டெடம் என்னும் ஊரில் தொழில் தொடங்கினார். அநியாயமென்று தமக்குத் தோன்றிய வழக்கை ஏற்பதில்லை என்பது அவர் கொண்ட விரதம். ஜூரிமார் தம் சொல்லை நம்பவேண்டுமானால், தாம் நம்பாத சொல்லைத் தாம் சொல்லலாகாது என்பது அவர் கருத்து. வழக்குகளிற் பெரும்பாலானவற்றை அவர் வென்றாரென்று கூறுவர்.

1827-இல் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் செய்த முதற்பெருங் காரியம் பைத்தியம் பிடித்தவர்களைப் பற்றியது. அக்காலத்தில் சித்தப்பிரமை கொண்ட ஏழைகளைச் சிறைச்சாலைகளில் குற்றவாளிகளோடு அடைத்துவைப்பது வழக்கம். மான் இதனை விசாரித்து, சபையின் முன் வைத்து வாதாடி, அரசாங்கச் செலவில் ஓர் ஆஸ்பத்திரி கட்டும்படி செய்தார். ஊஸ்டர் நகரத்து அவ்வாஸ்பத்திரி 1833-இல் திறக்கப்பெற்றது. கட்டணம் கொடுக்கவியலாத, தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கவும் இயலாத கட்சிக்காரர்க்காக அவர் பேசியது அதுவே முதல் தடவை.

அக்காலத்திலேயே துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1830-இல் மணந்த சார்லட் என்னும் அருமை மனைவி 1832-இல் இறந்தாள். உடன்பிறந்தார் ஒருவரின் வியாபாரம் முறிந்தது. அவர் கடனுக்கு ஜாமீன் நின்ற மான், அக்கடன் முழுவதையும் தம் தலைமேல் ஏற்று, வீடின்றித் தம் கச்சேரி அறையிலேயே படுத்துறங்கி, சம்பாதித்ததையெல்லாம் கடனுக்கே கொடுத்து வந்தார். எனினும் பொதுவாழ்வை விட்டாரல்லர். மேற்சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, 1836-இலும் 1837-இலும் அதன் தலைவராக வீற்றிருந்தார். இன்னும் சில ஆண்டுகளில் கவர்னர் பதவியும் கிட்டக்கூடும் என்று நண்பர்கள் எண்ணியிருந்தனர்.

இந்நிலையிலேதான் அவர் வாழ்க்கை திரும்பிற்று. அத்திருப்பத்தை உணர, அம்மாகாணத்துப் பள்ளிகளின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

மாசச்சூசெட்ஸில் 1647-ஆம் ஆண்டிலேயே, ஐம்பது குடியுள்ள ஊர் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள வேண்டுமென்று சட்டமிருந்தது. ஆனால் நாளடைவில் அப்பொதுப் பள்ளிகள் சீர்குலைந்தன. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைத் தனிப்பள்ளிகளுக்கு அனுப்பலாயினர். தம் பிள்ளை போகாத பள்ளியின் கூரை ஒழுகினால் அவர்க்கென்ன? ஆசிரியர்க்குக் கூலி குறைந்தால் அவர்க்கென்ன? ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுப்போரும், வரி விதிப்போரும், செல்வாக்குடையோரும் அவர்களே. ஆதலால் பொதுப் பள்ளி ஏழைப் பிள்ளைகளின் பட்டியாயிற்று. பள்ளி கெட்டதனால் செல்வர் விலகினர். செல்வர் விலகியதனால் பள்ளி இன்னும் கெட்டது. இச்சுழலை அறுப்பதற்கே 1837-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி ஒரு சட்டம் செய்து, கல்விச் சபை ஒன்றை ஏற்படுத்தினர். மேற்சபைத் தலைவராக அச்சட்டத்தில் கையொப்பமிட்டவர் மானே.

அச்சபைக்குச் சம்பளம் பெறும் காரியதரிசி ஒருவர் தேவைப்பட்டார். எட்மண்ட் டுவைட் என்னும் தனவந்தர் மானை அணுகி, தாங்களே இப்பதவியை ஏற்கவேண்டும் என்று வற்புறுத்தினார். சம்பளம் ஆண்டுக்கு 1,500 டாலர். வக்கீல் தொழிலில் அவர் பெற்றதினும் குறைவு. அதிகாரமோ ஒன்றுமில்லை. ஒரு பள்ளியைத் திறக்கவோ மூடவோ, ஓர் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ அச்சபைக்கு உரிமை கிடையாது. செய்திகளைச் சேகரித்து ஜனங்களுக்கு அறிவிக்கலாம், அவ்வளவே. மேற்சபைத் தலைவர் ஒருவர் இப்படிப்பட்ட உத்தியோகத்தை ஏற்பதா என்று பலர் நகைத்தனர். மானோ ஏற்றார். சட்டப் புத்தகங்கள் விற்பனைக்கு உள்ளன, கச்சேரி வாடகைக்கு விடப்படும், இனி அடுத்த தலைமுறையே என் கட்சிக்காரர் என்னும் கருத்துப்பட அவர் நண்பர்க்குத் தெரிவித்தார். முன்பு பைத்தியம் பிடித்தவர்க்காகப் பேசிய வக்கீல், இப்போது இன்னும் வாய்திறந்து பேசவறியாத குழந்தைகளுக்காகப் பேசத் தொடங்கினார்.

சம்பள விஷயமாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதியது கேட்டு இன்புறத் தக்கது. பிரயாணச் செலவெல்லாம் போக மிஞ்சுவது சொற்பமே என்று கணக்கிட்டவர், இதற்குப் பழிவாங்கியே தீர்வேன் என்றார். எங்ஙனம் பழிவாங்குவது? ஆயிரத்தைந்நூறு டாலர் மதிப்பிற்கு மேல் அவர்களுக்கு நன்மை செய்து விடுவதனால்! இவ்விதப் பழியை யாரேனும் நம்மேலும் வாங்கார்களா என்று எவ்வூராரும் ஏங்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அவ்வேலையில் இருந்தார். ஜில்லா ஜில்லாவாகச் சென்று கூட்டங்கள் கூட்டினார். சில ஊர்களில் பெருங்கூட்டம். சில ஊர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். பிட்ஸ்பீல்டு என்னுமூரில் கூட்டத்திற்குரிய பள்ளி அறை குப்பையாய்க் கிடக்கக் கண்டு, தாமும் கவர்னர் பிரிக்ஸும் துடைப்பத்தைக் கையிலெடுத்துப் பெருக்கிச் சுத்தம் செய்து, பின்னர்ப் பேச்சைத் தொடங்கினாரென்று கூறுவர். ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவை பன்னிரண்டும் கல்வித்துறையில் பெயர்பெற்ற நூல்களாயின. 1838-இல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும்படி ஒரு பத்திரிகையும் தொடங்கினார்.

கட்டிடத்தினும் புத்தகத்தினும் ஆசிரியரே முக்கியமென்பது அவர் துணிபு. செருப்புத் தைப்பவனுக்கும் பயிற்சி வேண்டுமென்னும் உலகம், பிள்ளையின் உள்ளத்தை உருவாக்குபவனுக்குப் பயிற்சி வேண்டாமென்பது விந்தையன்றோ? முற்கூறிய டுவைட் 1838-இல் 10,000 டாலர் கொடுத்தார். அரசாங்கமும் அவ்வளவு தொகை கொடுக்க இசைந்தது. 1839-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந் தேதி லெக்ஸிங்டன் என்னுமூரில் அந்நாட்டின் முதல் அரசாங்க ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பெற்றது. வந்த மாணவியர் எத்தனை பேர்? மூவர்! தலைமையாசிரியர் சைரஸ் பியர்ஸ் அம்மூவருக்கும் சளையாது பாடம் நடத்தினார், மானும் மனந்தளர்ந்தாரில்லை. விரைவில் பார்ரி, பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊர்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. விடுதிக்குத் தட்டுமுட்டுச் சாமான் வாங்கப் பணமில்லாதபோது மான் தம் சட்டப் புத்தகங்களை விற்றுக் கொடுத்தாரென்பர்.

நன்மை செய்வார்க்கு எதிர்ப்பு எங்குமுண்டு. 1840-இல் கல்விச் சபையையே ஒழித்துவிட வேண்டுமென்று சட்டசபையில் ஒரு தீர்மானம் வந்தது. வீண்செலவென்றனர் சிலர், ஊர்களின் சுதந்தரத்தைப் பறிப்பதென்றனர் சிலர், பள்ளியில் தம் சமயக் கோட்பாடு போதிக்கப்படாததால் நாத்திகப் பள்ளி என்றனர் சிலர். ஒழிக்கவேண்டுமென்போர் 182 பேர். கூடாதென்போர் 245 பேர். சபை பிழைத்தது. அறுபத்துமூன்று வாக்கில் ஒரு நாட்டுக் கல்வியின் தலைவிதி தங்கியிருந்தமை காண்க.

1843-இல் மேரி பீபாடி என்னும் கற்றறிந்த மங்கையை மணந்து, அவருடன் ஐரோப்பா சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். பிரஷ்யா தேசத்தில் ஆசிரியர்கள் கையிற் புத்தகமின்றி, பிள்ளைகளின் நடுவே நின்று அன்போடு கற்பிப்பதையும், அடிபட்டு அழும் குழந்தை ஒன்றையேனும் தாம் காணாததையும் தம் ஏழாம் அறிக்கையில் எழுதினார். இதனைக் கண்டு பாஸ்டன் நகரத் தலைமை உபாத்தியாயர்கள் முப்பத்தொருவர் வெகுண்டு மறுப்பு நூல் வெளியிட்டனர். பிரம்பில்லாமல் பள்ளி நடவாது என்பது அவர்கள் கட்சி. மான் பதிலெழுதினார், அவர்கள் மறுத்தெழுதினர், அவர் மீண்டும் எழுதினார். 1845-இல் பாஸ்டன் பள்ளிகளின் உயர்ந்த வகுப்பு மாணவர்க்கு அச்சிட்ட வினாக்களைக் கொடுத்து எழுத்துப் பரீக்ஷை நடத்திப் பார்க்கையில், பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளைகள் பலர்க்கு அதன் பொருள் தெரியாதிருந்தமை வெளியாயிற்று. வாதத்தைத் தீர்த்தது அப்பரீக்ஷையே.

நிற்க. இனி, யான் தொடக்கத்திற் கூறிய கேள்விக்கு வருவோம். பிள்ளையில்லாதவரும், பிள்ளைகளைத் தம் செலவிலே படிக்கவைத்து முடித்தவரும், "பிறர் பிள்ளைக்காக எங்களிடம் வரி வாங்குவது எங்கள் சொத்தைப் பறிப்பதாகும்" என்றனர். 1846-ஆம் ஆண்டின் பத்தாம் அறிக்கையில் மான் இதற்கு விடையளித்தார். தருமத்தின் பெயரால் அவர் கெஞ்சவில்லை. வக்கீலாகலின், சொத்துரிமை என்பது யாது என்றே விசாரணையைத் தொடங்கினார்.

அவர் வாதத்தின் சாரம் வருமாறு: இந்நிலமும் நீரும் காற்றும் வெயிலும் எவரொருவரும் படைத்தவையல்ல. நாம் உழும் நிலத்தைத் திருத்தியவர் நமக்கு முன்னோர். நாம் நடக்கும் பாதையும், நாம் கைக்கொள்ளும் கருவியும், நம் அறிவும் அவர் விட்டுச் சென்றவை. ஆகவே ஒருவன் தன்னுடையதென்று பிடித்திருக்கும் செல்வத்தில் அவன் உழைப்பால் வந்தது ஒரு பங்கே. எஞ்சியதற்கு அவன் தர்மகர்த்தாவைப் போன்றவன். அனுபவிக்கலாம், அழிக்கலாகாது, வருவோர்க்கு ஒப்புவிக்க வேண்டும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அதன்மேல் ஒரு பாத்தியதையோடு பிறக்கின்றது. குழந்தைக்கு உணவளியாது கொல்வது குற்றமென்று எல்லாச் சட்டமும் ஒப்பும். அங்ஙனமாயின், நன்மை தீமை அறியும் அறிவை அளியாது விடுவதும் குற்றமேயாம். ஆதலின் பள்ளி வரி கொடுப்பவன் தானம் செய்கின்றானல்லன். தான் பட்ட கடனைத் தீர்க்கின்றான்.

பெரியோர்களே! இவ்வாதத்தின் ஆழத்தைச் சிந்தியுங்கள். பிறர்க்குக் கல்வி கொடுப்பதைத் தானமென்று எண்ணுங்கால் கொடுப்பவன் மேலும் வாங்குபவன் கீழுமாவர்; கொடுப்பவன் விரும்பினால் நிறுத்தியும் விடலாம். கடனென்று உணருங்கால் இருவரும் சமமாவர், நிறுத்துதற்கும் உரிமையில்லை. இலவசப் பள்ளி என்பது ஏழைகளின் பள்ளி என்னும் இழிவை மான் துடைக்க முயன்றது இங்ஙனமே. செல்வன் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கும் பள்ளியே அவர் விரும்பியது. அப்பள்ளி ஏழையின் குடிசைபோல் இராது. செல்வனும் தன் பிள்ளையை அனுப்ப நாணாதவாறு சிறந்திருக்கும். 1848-இல் எழுதிய இறுதி அறிக்கையில், மனிதருள் ஏற்றத்தாழ்வைக் குறைத்துச் சமன்செய்யும் கருவிகளுட் கல்வியே தலையாயது என்று முடித்தார்.

பலன் என்ன? ஆண்டுக்கு ஆறு மாதமேனும் பள்ளி நடக்கவேண்டுமென்று சட்டமாயிற்று. பொதுப் பள்ளிகளின் செலவுக்காக ஒதுக்கிய பணம் இரட்டித்தது. ஏறத்தாழ ஐம்பது உயர்தரப் பள்ளிகள் புதியனவாக எழுந்தன. ஆசிரியர் சம்பளம் உயர்ந்தது. அவர் பதவி நீங்கியபின் 1852-இல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டுமென்னும் கட்டாயக் கல்விச் சட்டத்தை அந்நாட்டில் முதன்முதற் செய்ததும் அம்மாகாணமே.

பெரியோர் சரித்திரத்தைச் சொல்லுங்கால் குறைகளை மறைத்தல் முறையன்று. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவென்று அவர் எண்ணிய பள்ளியில், புராட்டஸ்டாண்டார் மொழிபெயர்ப்பாகிய வேதமே வாசிக்கப்பட்டது. குடியேறிய கத்தோலிக்கர்க்கு அது பொதுவாகத் தோன்றவில்லை. அவர்கள் மனக்குறையை மான் நன்குணர்ந்தாரென்று சொல்வதற்கில்லை. பாஸ்டன் நகரில் கறுப்பர் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் வைத்திருந்த அநீதியையும் அவர் காரியதரிசியாக இருந்த காலத்தில் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. எடுத்த காரியம் கெடுமோ என்று அஞ்சினார் போலும். இதற்காக வெண்டல் பிலிப்ஸ் என்னும் அடிமை ஒழிப்புத் தலைவர் அவரைக் கடிந்துரைத்தார். ஆசிரியப் பயிற்சிக்கு வந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு எவரும் உறைவிடம் தாராதபோது மான் தம் வீட்டிலேயே இடமளித்தார் என்பதும் மெய்யே. ஆயினும் வீட்டிற் காட்டிய துணிவை அவர் சபையிற் காட்டவில்லை. பொதுப் பள்ளியில் இனப்பிரிவு கூடாதென்று அம்மாகாணம் சட்டம் செய்தது 1855-இல்தான். எல்லோர்க்கும் என்று சொல்லும்போது அந்த 'எல்லோரில்' யார் விடுபட்டார் என்று நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டுமென்பதே இக்குறையிலிருந்து நாம் கற்பது.

பிற்காலத்தில் அக்குறையை அவர் பெரிதும் ஈடுசெய்தார். 1848-இல் முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் இறந்தமையால் ஒழிந்த ஸ்தானத்திற்குக் காங்கிரஸ் சபை அங்கத்தினரானார். அவ்வாண்டிலேயே, எழுபத்தேழு அடிமைகளை முத்து என்னும் பொருள்படும் பெயருடைய கப்பலில் ஏற்றி விடுதலை பெறச் செய்ய முயன்று பிடிபட்ட டிரேய்டன், ஸேயர்ஸ் என்பவர்களுக்காக வாஷிங்டன் நகர நீதிமன்றத்தில் வாதாடினார். பதினோராண்டு கழித்து மீண்டும் வக்கீல் அங்கி! 1850-இல் ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டத்திற்கு இணங்கிய டேனியல் வெப்ஸ்டர் என்னும் பெருந்தலைவரை, அவர் செல்வாக்கிற்கு அஞ்சாது கண்டித்தார். 1852-இல் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார்.

தோற்றவர் ஓய்ந்தாரா? இல்லை. ஓஹையோ மாகாணத்தில் ஆண்டியாக் கல்லூரி என்னும் புதுக் கல்லூரியின் தலைமையை ஏற்று 1853-இல் அங்கே சென்றார். ஆணும் பெண்ணும் ஒரே பாடத்தை ஒரே வகுப்பிற் பயில அங்கே இடமிருந்தது, ஆண் பேராசிரியர்க்குச் சமமாகப் பெண் பேராசிரியரும் ஊதியம் பெற்றார், கறுப்பினத்தாரும் சேர்க்கப்பட்டனர். ஆனால் கல்லூரி தொடக்கமுதலே கடனில் மூழ்கியிருந்தது. சம்பளம் வாராமலே மான் உழைத்தார். 1859-இல் கல்லூரி ஏலத்திற்கு வந்தது. நண்பர்கள் சேர்ந்து அதனை மீட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதம் பட்டம் பெறும் மாணவர்க்கு அவர் செய்த கடைசிப் பேச்சில், மனித குலத்திற்காக ஒரு வெற்றியேனும் பெறாமல் இறப்பதற்கு வெட்கப்படுங்கள் என்று அறிவுறுத்தினார். உடல் நலிந்திருந்த அவர், சில வாரங்களுக்குள், ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி காலமானார். அவர்க்கு அப்போது வயது அறுபத்துமூன்று. 1865-இல் பாஸ்டன் நகரச் சட்டசபை மாளிகையின் முன் அவர் உருவச்சிலை நாட்டப்பெற்றது.

அன்பர்களே! அவர் விட்டுச்சென்றது பொருளன்று. வைக்கோல் பின்னிய சிறுவன் புத்தகம் கண்டு பசியாறினான். தான் பசியாறியதோடு நில்லாமல், பசித்த பிள்ளைகளுக்கெல்லாம் வக்கீலானான். அவ்வழக்கு அவரோடு முடிந்துவிடவில்லை. பள்ளிக்கென்று யாரேனும் நம் வாயிலில் வந்து நிற்கும்போதெல்லாம் அது மீண்டும் விசாரணைக்கு வருகின்றது. அப்போது ஜூரியாக அமர்ந்திருப்பவர் நாமே. நமக்கு எழுத்தறிவித்தவர் யாவரும் நம் உறவினரல்லர். நாம் கற்ற பள்ளியைக் கட்டியவருள் நாம் அறியாதவர் பலர். அவர்களிடம் வாங்கிய கடனை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தல் இயலாது. பின்வருவோர்க்குத்தான் கொடுக்க இயலும். இதனை நெஞ்சிற் கொண்டு இல்லம் செல்வோமாக.